மாடுகளுக்கு வரும் ஹெலிகாப்டர்

சுவிட்சர்லாந்தில், டாவோஸுக்கு மேலே, மலை மேய்ச்சல் நிலத்தின் நடுவில் உள்ள சிறு உணவகத்தில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். வாரக்கணக்காக மழையில்லை. பச்சைப் புல்வெளி பார்க்க இவ்வளவு தூரம் வந்தால், கண்முன்னே எங்கள் ராமநாதபுரம். மாடுகள் மட்டும் கொழுத்திருக்கின்றன.

ஊற்றுகள் வற்றியதால் மாடுகளுக்கு ஹெலிகாப்டரில் தண்ணீர் வருகிறதாம். இதைச் சொல்பவர், சமையலறை வேலைக்கு நடுவே என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் நம்பாமல் சிரிக்கிறேன்.

“உண்மையாத்தான் தம்பி. இப்ப ஹெலிச் சத்தம் கேட்டாலே தொட்டியடிக்கு ஓடுதுகள். நோயாளியை ஏத்த வாற ஹெலிக்கும் ஓடுதுகள், விசர் மாடுகள்!”

“உங்க ஊர் மாடுங்க எப்படிண்ணே?”

“மாட்டை விடும் தம்பி. சண்டை நேரம் ஹெலி வந்தா நாங்களே ஓடுவம். மற்றப் பக்கம்.”

அப்போது தொலைவில் படபடவென்று சத்தம். கழுத்துமணிகள் குலுங்க மாடுகள் தொட்டிக்குப் பாய்கின்றன. தண்ணீர்ப் பை தொங்க ஹெலிகாப்டர் தாழ்கிறது. காய்ந்த மண் புழுதிப் புயலாகக் கிளம்பி என் தேநீரில் படிகிறது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரில் அவரைக் காணோம்.

“கரண்டி விழுந்திட்டுது தம்பி, தேடுறன்” என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வருகிறது.

மேசையில் இருந்த ஒரே கரண்டி என் கையில் இருக்கிறது.