டேப் விசையைப் பிடுங்கியவர்

2007 ஆவணியில் நடந்தது. நாளும் கிழமையும் டைரியில் இருக்கின்றன. ஆறிப்போகாத கோபம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருட்டு விண்டோஸுக்குச் சோதனை வருகிறது என்று கேள்விப்பட்ட முதலாளி, என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடச் சொல்லியிருந்தார். பழைய புரூஃபை ஒரு விண்டோவிலும், திருத்தி வந்ததை இன்னொன்றிலும் ஒரே அளவில் திறந்து, ஆல்ட் விசையைப் பிடித்தபடி டேப் விசையைத் தட்டுவேன். இரண்டும் மாறி மாறி வரும். மாறாத எழுத்து அசையாமல் நிற்கும். மாறியது மட்டும் துள்ளும். தொடக்கூடாத இடத்தில் டிசைனரின் கை பட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மேனேஜருக்கு அது வேறாகத் தெரிந்தது.

"நான் வந்தா மறைக்கீக, போனா தொறக்கீக. அங்கன என்ன சீட்டாட்டமா ஓடுது?" என்றார், பைண்டிங் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி.

மூன்று முறை விளக்கினேன். மறுநாள் டேப் விசையைக் காணோம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து மேஜைக்குள் பூட்டிவிட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைப் பார்த்தால் போதுமாம். வாழ்நாளெல்லாம் காலண்டர் விற்றவருக்கு, திதி ஒரு கட்டம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று தெரியாதா?

லினக்ஸில் விசைகளின் வேலையை நாமே மாற்றலாம். டேப் செய்ததை எஃப்12 விசைக்குக் கொடுத்தேன். பிற்பகல் அவர் பின்னால் வந்து நின்றபோதும் நிறுத்தவில்லை. அடுத்த வருட ஆடி மாதத் தாளில் ஒரு கறுப்பு வட்டம் துள்ளியது. ஆடி அமாவாசை அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. அன்று மாலை அச்சுக்குப் பிளேட் போட வேண்டிய தாள் அது.

"இதத்தான் அண்ணாச்சி மூணு தடவ சொன்னேன்."

அவர் போனை எடுத்து, மாடியிலிருந்த முதலாளியிடம் பேசினார்: "நான் பக்கத்துலயே நின்னேன்ல, அதான் தப்பு சிக்குச்சு. இல்லேன்னா அம்புட்டும் வீணாப் போயிருக்கும்."

இரண்டு தாளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சீட்டாட்டப் பழி முதல் பிடுங்கிய விசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"அவரு மனசு கோணாமப் பாத்துக்கிடுங்க. சீசன் நேரம்."

அமாவாசை சரியான நாளில் அச்சானது. அந்தத் தீபாவளியோடு நான் வேலையை விட்டு நின்றுகொண்டேன்.