நான் போனால் மட்டும் முனகிய ரேடியோ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, என் மூத்த மகளின் நிக்காஹ்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, கற்பிட்டியில் என் சம்பந்தி வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்ததோ ஆத்திரம்.

நான் கரைத்தீவில் இருக்கிறேன். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். பழைய ரேடியோ திருத்துவது ஆசைக்கு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. ‘வந்தவர்கள்’ என்று யாராவது வாயெடுத்தால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லாவிட்டாலும், சொல்ல நினைத்தார்கள் என்று நானே பிடித்துக்கொள்வேன். சம்பந்தி வீட்டாரோ தலைமுறையாகக் கற்பிட்டியிலேயே இருப்பவர்கள், தென்னந்தோட்டக்காரர்கள். அவர்களாகத்தான் பெண் கேட்டு வந்தார்கள். இருந்தாலும் என் மனம் எதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தது.

பேச்சு முடித்த நாளில் அவர்கள் வீட்டில் ஆறு பேராகச் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். உறைப்புப் பட்டாலே எனக்கு வேர்த்துக் கொட்டும். லேஞ்சி நனைய நனையத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அலுமாரிக்கு மேலிருந்த மரப்பெட்டி ரேடியோ கண்ணில் பட்டது. சம்பந்தியின் வாப்பா வாங்கிய வால்வு ரேடியோவாம்.

“அது இப்ப பாடாது சம்மந்தி. ம்ம்ம்ம் என்டு முனகிட்டே ஈக்கும்” என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா?

“ஒரு கெழமை தாங்க. குயில் மாதிரிப் பாட வெக்கிறன்” என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன்.

நோய் எனக்குத் தெரிந்ததுதான். இந்த ரேடியோக்களில் மின்சாரத்தை வடிகட்டிக் கொடுக்கும் பெரிய கண்டன்சர்கள் இருக்கும். வயதாகி அவை உள்ளே காய்ந்துபோனால், வடிகட்டாத மின்சாரம் ஸ்பீக்கர் வரைக்கும் வந்து முனகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் சாமான் அது. பிஸ்மி சொல்லி, முதலில் அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, பழைய கண்டன்சர் இரண்டையும் எடுத்து, கொழும்பிலிருந்து வருவித்த புதியவற்றைப் பற்றவைத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையமொன்று கணீரென்று பாடியது. மகள் குசினியிலிருந்து ஓடிவந்து, “வாப்பா, மெய்யாவே பாடுது!” என்று கைகொட்டினாள். அந்த நிமிடம் எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது.

ரேடியோவோடு கற்பிட்டிக்குப் போனேன். சம்பந்தி வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. ஹோலின் நடுவில் கதிரை போட்டார்கள், தலைக்கு மேல் ஃபேனை மெல்லச் சுழலவிட்டார்கள், வட்டிலப்பம் வந்தது. நான் பெருமையோடு ரேடியோவைப் போட்டேன். பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்ம்’ என்று அதே முனகல்.

வெட்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். என் மேசையில் வைத்தால் துளி முனகல் இல்லை. கண்டன்சரை மாற்றி, வால்வுக் கால்களைச் சுரண்டி, இன்னொரு தடவை கொண்டுபோனேன். அதே கதிரை, அதே வட்டிலப்பம், அதே முனகல். “பரவாயில்ல, உட்டுட்டுப் போங்க சம்மந்தி” என்றார். விட்டுவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் கால் வைக்கிறேன், சம்பந்தியின் ஃபோன்.

“நீங்க போனதும் நல்லாப் பாடுது சம்மந்தி. நீங்க வந்தா மட்டுந்தான் முனகுது போல!” என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னுடைய காலடி ராசியில்லை என்று சொல்லுகிறாரா? வந்தவன் வந்தால் வீட்டு ரேடியோவும் முகம் சுளிக்கிறது என்கிறாரா? அவர் எதையுமே சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் கத்தினேன்.

“இந்தச் சம்மந்தமே வேணாம். நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாறன்.”

மகள் அங்கேதான் நின்றாள். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க அவள் சாப்பிட வரவில்லை. அது என்னை அறுத்தது, ஆனாலும் என் வீறாப்பு இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் புறப்பட்டபோது மனைவி அபாயாவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வாறன். உங்கட வாய நம்பி உங்களத் தனிய உட ஏலாது.”

போனோம். கதிரை வந்தது. சம்பந்தி சந்தோஷமாக ரேடியோவைப் போட்டார். முனகியது. சொல்ல வந்ததைச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சம்பந்தியம்மாவோடு உள்வாசலில் உட்கார்ந்திருந்த என் மனைவி, பீனிசக்காரி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “சம்மந்தி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். எனக்குக் காத்துப் பட்டாத் தலை இடிக்கும்” என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்து சுவிட்சை அணைத்தார்.

முனகல் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் தேன் மாதிரி வந்தது.

நான் எழுந்து ஃபேனைப் போட்டேன். ம்ம்ம்ம். அணைத்தேன். பாட்டு. ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் அந்தப் புதுமாதிரித் திருகுச் சுவிட்ச்தான் ரேடியோவுக்குள் இரைச்சலைத் தள்ளியிருக்கிறது.

“யா அல்லாஹ்! இந்த ஃபேனை நீங்க மற்ற நேரம் போடுறதில்லையா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு என்னத்துக்கு? கடல்காத்தே போதும்” என்றார் சம்பந்தியம்மா. “அன்டைக்குச் சஹன்ல நீங்க வேர்த்து வடிஞ்சதப் பாத்து இவருக்கு மனசு கேக்கல்ல. சம்மந்தி வரக்குள்ள போடத்தான் இது வாங்கினது.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. என்ன சொல்ல வந்தேன் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டேன். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நல்ல ஆள்! என்ட மகன்ட கலியாணத்த ஒரு ஃபேன் சுவிட்சுக்குப் பலி குடுக்கப் பாத்தீங்களே!” என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். நான் உடனே மகளுக்கு ஃபோன் எடுத்து, “சாப்பிடு மகள், வாப்பாதான் மடையன்” என்றேன். மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பு ரேடியோவை விட நன்றாக இருந்தது.

வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத பாடமில்லை. சத்தத்தை முழுதாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் முனகினால் கோளாறு உள்ளே. அடங்கினால் அனேகமாக வெளியே இருந்து வருகிறது. அவ்வளவுதான். ரோசத்தில் ரேடியோவின் சத்தத் திருகில் கைவைக்கவே மறந்துபோனேன்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். வேறு சுவிட்ச் பூட்டித் தருகிறேன் என்றால் சம்பந்தி விடமாட்டேன் என்கிறார். ரேடியோ முனகினால் தோட்டத்தில் நிற்கும்போதே நான் வந்தது தெரிந்துவிடுமாம். அதைக் கேட்டுவிட்டு ஓடிவருவார்.

இப்போதும் யாராவது என்னைக் குறைவாக நினைத்துவிட்டார்களோ என்று மனம் முனகத் தொடங்கினால், முதலில் என் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறேன். அனேகமாக அது அடங்குவதில்லை, கோளாறு எனக்குள்ளேதான் என்று விளங்கிவிடுகிறது.