குறையே இல்லாத வம்சம்

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அவனை எல்லோரும் பசையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். விரலில் காய்ந்த பசை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. வேலையிடத்தில் வாய் ஓயாது. வீட்டில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு.

மனைவிக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்துவிட்டது. அவள் உள்ளறையில் படுத்திருக்க, கூடத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் உட்கார்ந்து அவளுடைய தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அறைக் கதவு திறந்தே கிடந்தது. அவள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அவளை அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடு. வேற பொண்ணு பாக்கலாம்" என்றாள் அக்கா.

அப்பா மீசையைத் தடவினார். "நம்ம வம்சத்துல குறையே கிடையாது. வந்தவகிட்டதான் கோளாறு."

பசையண்ணனுக்குச் சுருக்கென்றது. "கோளாறு எங்கிட்டதான்பா. டாக்டர் ரெண்டு பேர் ரத்தத்தையும் பாத்துட்டார். அவ நல்லா இருக்கா."

"உனக்கென்னடா? கல்லு மாதிரி இருக்கே!" என்றாள் அம்மா.

"இருக்கேன்மா. ஆனா, அச்சகத்துல ஒரு தடவை ரெண்டு புஸ்தகத்தைத் தைக்கும்போது இதோட கடைசிப் பக்கங்களை அதுலயும், அதோடதை இதுலயும் மாத்தி வச்சுட்டேன். ரெண்டும் ஒரே அலமாரியில இருக்கிற வரைக்கும் ஒரு பக்கமும் குறையாது. ஒண்ணை மட்டும் எடுத்து யாருக்காவது குடுத்தா? அந்தக் கதையோட முடிவு இருக்காது, வேற கதையோட முடிவு ஒட்டிக்கிட்டிருக்கும். என் உடம்புல ரெண்டு குரோமோசோமோட துண்டுகளும் அப்படி மாறி ஒட்டியிருக்காம். எனக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தைக்கு நான் குடுக்கிற பாதியிலதான் சில சமயம் கோளாறு. அந்தக் கரு தங்காது. சரியா அமையவும் வாய்ப்பிருக்குன்னு சொல்றார்."

"மெதுவா பேசுடா!" அக்கா பதறி ஜன்னலைச் சாத்தப் போனாள். "ஆம்பளைக்கு மானம் போயிடும்."

"திறந்தே இருக்கட்டும்! அவ மானத்தைத் தெருவுல கூறு போட்டு வித்தீங்களே, அப்ப யாரும் மெதுவா பேசலையே?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மனைவி எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் கண்றாவி எங்கேர்ந்துடா வந்தது?" என்றார் அப்பா.

"சில பேருக்குப் புதுசாவே வருமாம். இல்லேன்னா, அப்பா அம்மா ரெண்டு பேர்ல யார்கிட்டேர்ந்தாவது வருமாம்."

அம்மாவின் முகம் மாறியது. பசையண்ணன் பிறப்பதற்கு முன் அவளுக்கும் இரண்டு கருக்கள் கலைந்திருந்தன. ராசி கெட்டவள் என்று மாமியார் சாகும்வரை அவளைக் கரித்துக்கொட்டினார். அப்போதும் அப்பா இப்படித்தான் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவால் மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நானும் ரத்தம் குடுக்கிறேன். நீங்களும் வாங்க."

"எனக்கெதுக்குடி?"

"எங்கிட்ட இருந்தா ஊரறிய ஒத்துக்கிறேன். உங்ககிட்ட இருந்தா, இதே ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நீங்க சொல்லணும்."