ஹாலில் மூச்சு விடக் கூடாது

பென்னாகரத்தில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் ஓனர், கீழே ஹாலுக்குள் ஒரு கடல் வைத்திருந்தார். பெரிய கண்ணாடித் தொட்டி, உப்புக் கலந்த தண்ணீர், உயிருள்ள பவளம், நாலைந்து மீன்கள். ஆள் ஒல்லி, மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். யாராவது உள்ளே வந்தால் அதை இறக்கி, வந்தவர் முகத்தைப் பார்க்காமல் தொட்டியின் பி.எச். மீட்டரைப் பார்ப்பார். மூடிய அறையில் நாம் விடும் மூச்சு தண்ணீரில் கரைந்து பி.எச்.சை இறக்கிவிடுமாம், பவளத்துக்கு ஆகாதாம். ஜன்னலைத் திறக்கலாமே என்றால், பவளத்துக்குச் சூடும் ஆகாது, ஏ.சி. ஓட வேண்டும். அதனால் அவர் மனைவியும் மகளும் வெளியே உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடி வழியாக டிவி பார்த்தார்கள்.

மகளைப் பெண் பார்க்க அரூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். காபி வருவதற்குள் மீட்டர் இறங்கிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க, பாதி பேரு வெளிய போய் மூச்சு வுடுங்க," என்றார் ஓனர்.

எல்லோருமே முகம் சுளித்து எழுந்து போனார்கள். மகள் காபித் தட்டோடு பின்னாலேயே ஓடினாள். அவள் என்ன சொன்னாளோ, வேன் நிழலில் ஒரே சிரிப்பு. அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். செய்தி சொல்ல நான் உள்ளே ஓடினேன்.

"ஏறிடுச்சுங்க," என்றார் அவர், மீட்டரைக் காட்டி.

கல்யாணமாகி மகள் அரூர் போன பிறகு, ஒரு மாலை மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"உள்ள வந்து கொஞ்ச நேரம் ஒக்காருங்க."

"பி.எச். எறங்கிருமேங்க?"

கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது.

"எறங்கட்டுங்க," என்றார்.