மேலுமலை வரை இரண்டு வண்டிகள்

கண்ணுகளா, நேற்று ஓசூர் மேம்பாலத்துக்குக் கீழே அந்த மஞ்சள் இரண்டு கதவுக் காரைப் பார்த்து நீங்கள் போட்ட சத்தத்தில் எனக்கும் விசில் வந்துவிட்டது. அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று சிரித்தீர்கள். தெரியும். ஓட்டியே இருக்கிறேன்!

கல்யாணத்துக்கு முன்பு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு ரோஜாத் தோட்ட முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். வண்டி, அவருடைய அப்பா காலத்துக் கறுப்புச் சீமைக் கார். பெட்ரோலும் பழைய தோல் சீட்டும் ரோஜாத் தழையும் சேர்ந்து உள்ளே ஒரு வாசனை வரும். இன்றைக்கும் பூக்கடைப் பக்கம் போனால் என் இடது கால் கிளட்சைத் தேடுகிறது. சோக்கை இழுத்து, இரண்டு தடவை கெஞ்சி, மூன்றாம் தடவை திட்டினால்தான் கிளம்பும். ஆனாலும் சிப்காட் கேட் வாட்ச்மேன்கள் அந்த வண்டிக்கு சல்யூட் அடிப்பார்கள். எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

முதலாளியின் மகள் பவானி, பெங்களூரில் ஒரு சிவப்புக் கூபே, அதே மாதிரி இரண்டு கதவு வண்டி, வாங்கிக்கொண்டு வந்தார். தகரக் கொட்டகையிலோ ஒரு வண்டிக்குத்தான் இடம். பழையதை விலைக்குக் கேட்டு ஆளும் வந்து போயிருந்தார். முதலாளிக்கு முடிவெடுக்க மனசில்லை.

"ஏமிரா, ரெண்டையும் மேலுமலை ஏத்தி எறக்கிட்டு வா. எது ஒசத்தின்னு நீயே சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாத."

பழையது போனால் என் வேலையும் போகும். பவானி தன் வண்டியைத் தானே ஓட்டுவார். முதலாளி அதை யோசிக்கவில்லை. எனக்கு வேறு யோசனையே இல்லை.

கறுப்பு வண்டி பாதி ஏற்றத்திலேயே கொதித்தது. பானெட்டைத் திறந்து வைத்து நின்றேன். தாண்டிப்போன லாரிக்காரன், "மாமோய், சோறு வெந்துச்சா?" என்று கத்தினான்.

அடுத்து கூபே. பக்கத்தில் பவானி. பெடலைத் தொட்டதுதான் தெரியும், முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. லாரிகளெல்லாம் பின்னால் ஓடின!

"மெதுவாண்ணா!"

"சும்மா தொட்டேன் மேடம், அவ்ளோதான்!"

உச்சியில் வண்டியைத் திருப்ப, பழக்கதோஷத்தில் சிக்னல் காட்ட வலது கையை வெளியே நீட்டினேன். மூடிய கண்ணாடியில் ணங்கென்று மோதியது.

"ஐயோ அண்ணா, அந்த இண்டிகேட்டர் குச்சியத் தட்டுங்க! கைய ஒடச்சுக்காதீங்க." அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வலியோடு நானும் சிரித்தேன்.

முதலாளி கேட்டிலேயே காத்திருந்தார். பழையதுதான் உசத்தி என்று சொல்ல வழியெல்லாம் காரணம் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், "புதுசுதாங்க. கொண்டாந்து நிறுத்தவே மனசு வரல" என்று வந்தது.

"அதான் உன் மூஞ்சியே சொல்லுதே!" என்றார் முதலாளி. கறுப்பு வண்டியின் பானெட்டை இரண்டு முறை தட்டிவிட்டு உள்ளே போனார்.

பவானி தயங்கி நின்றார். "அண்ணா, அப்ப உங்க வேலை?"

"போச்சம்பள்ளி கம்பெனில கூப்பிட்டிருக்காங்க மேடம்."

யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மேலுமலை ரோடும் அகலமாகி, ஏற்றம் இருப்பதே தெரிவதில்லை. கையை நீட்டி வண்டி திருப்புகிறவனைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று.

கறுப்பு வண்டியை லாரியில் ஏற்றிப்போன அன்று சாயங்காலம், நான் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். அதன் சக்கரங்கள் அழுத்தி அழுத்தி மண் தரையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது, நடுவில் திட்டு. கூபே தாழ்வான வண்டி, அடிவயிறு உரசும். மண்வெட்டியால் திட்டைச் செதுக்கி, இரண்டு பள்ளத்தையும் மூடி, காலால் மிதித்துச் சமன் செய்தேன்.