பின் இடது கதவு

இது நடந்தது. ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. இதை வெளியே சொன்னவர் டெசிபல். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டாத ஒரு கதையை அந்த மனிதர் பிறந்ததிலிருந்து சொன்னது கிடையாது. இந்தக் கதையில் அவர் பெரிய ஆள் இல்லை. கேட்டால், சின்ன ஆள்கூட இல்லை என்பார். அதனால் நம்பலாம்.

இருட்டு, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்தது வியாழக்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டெசிபல் என்பது பட்டப்பெயர். கார்களுக்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் மாட்டுகிற கடை. வணிக வளாகத்தில் பதினான்காம் எண். பலகையில் "ஒலிப் பொறியாளர்" என்று எழுதியிருக்கும். எந்தக் கல்லூரி என்று கேட்டால், சத்தத்துக்கு ஏதுங்க கல்லூரி என்பார். எந்தக் கார் வந்தாலும் உள்ளே தலையை விட்டு, "இந்த வயரிங்க எவன் பண்ணான்?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை, "நீங்கதான்" என்றார். டெசிபல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்போ எலி" என்றார். இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் தப்பு என்று ஒன்று நடந்ததே இல்லை. எல்லாம் எலி.

அன்றைக்கு வந்த கார், தலைவருடையது.

தலைவர் என்றால் நாட்டுக்குத் தலைவர் இல்லை. அந்த வளாகத்தின் வியாபாரிகள் சங்கத்துக்கு. ஆனால் அந்த வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியாது. பேசுவதற்கு முன் மைக்கை மூன்று முறை தட்டுவார். டொக்... டொக்... டொக். தொண்டையைச் செருமுவார். பிறகு, "கேக்குதா?" என்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசுவார். மைக் இல்லாத இடத்தில் மேஜையைத் தட்டுவார், தம்ளரைத் தட்டுவார். போன வருடம் நெஞ்சு அடைப்பென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைத் தட்டி, "கேக்குதா?" என்றாராம். டாக்டரே சொல்லிச் சிரித்தார்.

காரில் பின் இடது இருக்கைதான் அவருடைய சிம்மாசனம். நான்கு கதவிலும் ஸ்பீக்கர், கையில் பிடிக்க ஒரு மைக், கேட்பதற்கு அவருடைய பேச்சின் பதிவுகள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில் முந்தின கூட்டத்தில் தான் பேசியதைக் கேட்டு, சரியான இடத்தில் தானே தலையாட்டிக்கொள்வார்.

முந்தின நாள் அந்தக் காரின் பேட்டரி இறங்கிவிட்டது. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்ப வேண்டும். தலைவர் காவலாளியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, பிளஸ் என்றால் என்ன, மைனஸ் என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். விளக்கி முடித்து, இரண்டையும் மாற்றி மாட்டினார். மூன்று நொடியில் புகை வந்தது.

மறுநாள் மத்தியானம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

"உன் வயரிங்கோட லட்சணம் இது" என்றார் தலைவர்.

"சார், கேபிள மாத்திப் போட்டா எந்த வயரிங்குமே..."

"எனக்குப் பாடம் எடுக்காத. இன்னிக்குச் சாயந்தரம் என்ன விழா தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? பாராட்டு விழா. அவருக்கு. ஏற்பாடு செய்தவரும் அவரே.

"சரியா அஞ்சு மணிக்கு கார் என் வீட்டு வாசல்ல நிக்கணும். வரும்போதே என் பேச்சு ஓடிட்டு வரணும். ஓடல... அடுத்த மாசம் பதினாலாம் நம்பர காலி பண்ணிடு. மேடையிலயே அறிவிச்சிடுவேன்."

சொன்னால் செய்வார். பன்னிரண்டாம் எண்ணில் இருந்த தையல்காரர், தலைவர் பேசும்போது கொட்டாவி விட்டதற்காகவே இப்போது வேறு தெருவில் இருக்கிறார்.

தலைவர் இன்னும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "நான் போய்க் குளிச்சு ரெடியாறேன்" என்று ஒன்றரை மணிக்குக் கிளம்பினார். டெசிபல் அவர் முதுகைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே அச்சிட முடியாது.

2.20. சாப்பிட்டு வந்ததும் வேலை ஆரம்பம். முதலில் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஷார்ட் ஆன வண்டியில் அதுதான் முதல் பாடம். மெயின் ஃப்யூஸ் கருகியிருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் தீய்ந்த வாடை. அதையும், மைக்குக்கான பெட்டியையும் பிடுங்கி மேஜையில் போட்டார். இப்போது காரில் பேட்டரி இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லை. நான்கு கதவில் நான்கு ஸ்பீக்கர், அதிலிருந்து தொங்கும் வயர், அவ்வளவுதான். வெறும் காகிதமும் காந்தமும்.

ஸ்பீக்கர்கள் பிழைத்தனவா என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் ஆடும் பழைய மீட்டர். முன் வலது... நான்கு ஓம். சரி. முன் இடது... நான்கு. சரி. பின் வலது... நான்கு. சரி.

பின் இடது.

முள் நான்கில் நின்றது. பிறகு துள்ளியது.

ஒன்று... இரண்டு... மூன்று.

நின்றது.

மணி 2.47. பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஐந்து மணிக்குள் முடியுமா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி" என்றார் டெசிபல், யாரும் கேட்காமலே.

மறுபடி துள்ளியது. மூன்று முறை. நிறுத்தம். மூன்று முறை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் தெரிந்தாக வேண்டும். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாதிப் பொருள்தான். மைக்கில் பேசினால் உள்ளே தகடு அசைந்து மின்சாரம் வரும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் தொட்டாலும் அதே கதைதான், கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், முள் ஆடும். ஆக, முள் ஆடினால் யாரோ கூம்பைத் தொடுகிறார்கள்.

கதவு அவர் கண் முன்னால் திறந்து கிடந்தது. தொட யாரும் இல்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றினார். எலி இல்லை. எலிப் புழுக்கைகூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எலி இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. காருக்குள் லேசாகச் சோப்பு வாசனை அடித்தது. பெரிய மனிதர் காரிலேயே குளிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

3.08. டார்ச் அடித்துக் கூம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காகிதம் குழிந்தது.

விரல் நுனி பட்டால் குழியுமே, அந்த அளவுக்கு. மூன்று முறை.

டெசிபல் பயப்படவில்லை. கோபப்பட்டார். பயம் வந்தால் கோபப்படுகிறவர்களே உலகத்தில் அதிகம். சோதனைக்கென்று வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் அந்த ஸ்பீக்கரின் வயரைச் செருகினார், மைக்கைச் செருகும் ஓட்டையில். ஹெட்ஃபோனை மாட்டினார்.

முதலில் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல்.

பிறகு... டொக். டொக். டொக்.

செருமல்.

"கேக்குதா?"

டெசிபல் சத்தமாகச் சிரித்தார். அடச் சீ, இந்த மனுஷனா! வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஏதோ கருவியை வைத்துத் தன்னைச் சோதிக்கிறார். போனை எடுத்துத் தலைவரை அழைத்தார். மணி 3.25.

போன் அடித்தது.

ஹெட்ஃபோனிலும் அடித்தது.

தூரத்தில்... மூடின கதவுக்கு அந்தப் பக்கம் அடிப்பது போல. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும், சொட்... சொட்... என்று தண்ணீர் சொட்டும் சத்தம். அதில் எதிரொலி இருந்தது. சத்தத்தைப் பற்றி டெசிபல் அளக்கிற கதைகளில் பாதி பொய். ஆனால் இது அவருக்குத் தெரியும். துணி இருக்கை போட்ட காருக்குள் எதிரொலி வராது. இது டைல்ஸ் ஒட்டிய அறை.

பக்கத்து டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் டெசிபலுக்கு அக்கா வீட்டுக்காரர்.

"மாமா, இத கொஞ்சம் கேளுங்க."

மாமா ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். முகம் சுளித்தார். "தலைவரா? இந்தாளு தொல்ல இங்கயுமா? புடுங்கி விடு மாப்ள."

"நல்லாக் கேளுங்க."

"என்னத்த நல்லாக் கேக்குறது? முப்பது கூட்டத்துல கேட்டாச்சு. கேக்குதா, கேக்குதான்னு உயிர எடுப்பாரு. எதுல ஓடுது இது? போன்லயா?"

"எதுலயும் ஓடல மாமா. அந்தக் கதவு ஸ்பீக்கரையே மைக்கா மாட்டியிருக்கேன்."

மாமா வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தார். மேஜையிலிருந்து தரைக்கு. தரையிலிருந்து காருக்கு. காருக்குள் காலியான பின் இருக்கைக்கு. கூம்பு குழிந்ததை அவரும் பார்த்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றி, முட்டையை வைப்பது போல மேஜையில் வைத்தார்.

"ஒரு டயர் வேல இருக்கு" என்று போய்விட்டார்.

டெசிபல் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார். 3.40. டொக் டொக் டொக்.

3.46. டொக் டொக் டொக். "கேக்குதா?"

குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

3.53. செருமல் இல்லை.

3.58. தட்டுவது விரலா நகமா என்று தெரியவில்லை. அவ்வளவு மெல்ல.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிடலாம். கழற்றத்தான் நினைத்தார். கை வரவில்லை. ஐந்து மணிக்குக் கார் வேண்டும். கடை வேண்டும். புது ஆம்ப்ளிஃபயர் மேஜையில் காத்திருந்தது.

4.02.

"கேக்குதா?"

இத்தனை வருடமும் அது வெறும் ஆரம்பம். அடுத்து வருகிற ஒன்றரை மணி நேரத்துக்கு மணி அடிப்பது. இப்போதுதான் முதல்முறையாக... அது கேள்வியாக இருந்தது.

டெசிபல் காருக்குள் குனிந்தார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார்.

"கேக்கல! யாருக்கும் கேக்கல! போய்யா!"

காகிதம் குழியவில்லை.

ஹெட்ஃபோனில் இரைச்சல் மட்டும்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... ஒன்றும் இல்லை.

அவ்வளவுதான். வயரைப் பிடுங்கினார். புது ஃப்யூஸ், புது ஆம்ப்ளிஃபயர், பேட்டரி. நான்கு ஸ்பீக்கரும் கணீரென்று பாடின. பின் இடது உட்பட. "எலிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்து மணிக்குச் சரியாகத் தலைவரின் தெருவில் கார் திரும்பியது. உத்தரவுப்படி பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டொக் டொக் டொக். "அன்பார்ந்த பெருமக்களே, கேக்குதா?" தெருவே அதிர்ந்தது. வாசலில் குவியலாகச் செருப்புகள். விழாவுக்கு வந்த கூட்டம் என்று டெசிபல் நினைத்தார்.

ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நிறுத்துய்யா! அறிவில்ல? நிறுத்து!"

பதற்றத்தில் டெசிபல் வால்யூம் குமிழை மாற்றித் திருகிவிட்டார். சத்தம் இன்னும் ஏறியது. செத்த வீட்டு வாசலில், செத்தவர் தன்னைப் பற்றி நான்கு கதவு வழியாகவும் பேசினார்.

குளியலறையில் விழுந்துவிட்டாராம். நெஞ்சு.

ஸ்டெதாஸ்கோப் கதை சொன்ன அதே டாக்டர் வராந்தாவில் யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். "நான் வந்தப்போ நாலரை. உடம்பு விறைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. விழுந்த அந்த நிமிஷமே உயிர் போயிருக்கு. ரெண்டு, மிஞ்சிப் போனா ரெண்டே கால். அதுக்கு மேல வாய்ப்பே இல்ல."

அதைக் கேட்டதும் டெசிபலுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கடை தப்பித்தது. இதை அவரேதான் சொன்னார். இரண்டாவதாகத்தான் அந்த எண் ஞாபகம் வந்தது.

2.47.

உள்ளே தலைவரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஏதோ கணக்கு இடிக்கிறது என்பது போல நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

"சவுண்டு பாக்குறவரு நீங்கதான?"

"ஆமாம்மா."

"அப்போ நீங்க சொல்லுங்க. டாக்டர் எனக்கு நேரம் கொழம்பிடுச்சுங்கறாரு. நாலு மணி வரைக்கும் வாளியத் தட்டிட்டே இருந்தாருங்க. மூணு மூணு தடவ. ஒத்திகை பாக்குறாருன்னு நெனச்சேன். டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுட்டேன். முப்பது வருஷமா அப்படித்தான் வெக்கிறது."

உடைந்து கிடந்த குளியலறைக் கதவை டெசிபல் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்... எப்படிம்மா கதவ ஒடைக்கத் தோணுச்சு?"

"நாலு மணிக்குத் தட்டுறது நின்னுது. யாரோ அவருக்குப் பதில் சொன்ன மாதிரி... கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு வார்த்த சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'சரி'ன்னாரு."

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே வார்த்தைல அவர் முடிச்சு நான் கேட்டதே இல்லீங்க. அதான் பயந்துட்டேன்."