செந்தாமரையின் ஆட்சேபம்

கண்ணாயிரத்தின் பெயரை பாஸ்டர் குமரேசன் முதல் தடவை வாசித்த ஞாயிறு, செந்தாமரை உட்கார்ந்திருந்த பாயிலிருந்து ஒரு கோரையை முழுசாக உருவி எடுத்துவிட்டாள். உருவியது அவளுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்த கல்பனாதான் கையைத் தட்டிவிட்டு, "சபைப் பாயி அது. உங்க வூட்டுப் பாயி இல்ல" என்று காதோரம் சொன்னாள்.

புதிதாக ஒருவரை அங்கத்தினராகச் சேர்க்க அந்தச் சபையில் ஒரு முறை இருந்தது. மூன்று ஞாயிறு பெயரை வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர் எழுந்து சொல்லலாம். சொன்னால் சேர்ப்பு நிற்கும். யாரும் சொல்லாவிட்டால், மூன்றாவது ஞாயிறு எல்லோரும் வரிசையாகப் போய் புதியவருக்கு வலது கையைக் கொடுக்க வேண்டும். பதினான்கு குடும்பம், பெரியவர்கள் முப்பத்தொரு பேர். இதுவரை ஒருவர் பெயருக்கும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. "பிரியாணி எப்போன்னு மட்டும்தான் கேப்போம்" என்பாள் கல்பனா.

கண்ணாயிரம் வேறு ஆள். ஆறு வருஷத்துக்கு முன்பு ஜவ்வாது மலையின் இந்தச் சரிவில் அவன்தான் மேஸ்திரி. மாந்தோப்பு வேலை என்று சொல்லி வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குப் போவான். அங்கே போனபிறகு மாமரம் இருக்காது. காட்டுக்குள் திருட்டுத்தனமாக வெட்டச் செம்மரம் இருக்கும். பிடிபட்டால் ஜெயில். அப்படி ஏறிப்போன பூவரசன், கட்டை ஏற்றிய லாரி திருப்பத்தில் கவிழ்ந்து, இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான். பூவரசன் செந்தாமரையின் தம்பி.

தம்பி என்று சொல்வது பேச்சுக்குத்தான். அம்மா சாகும்போது அவனுக்கு ஏழு வயது. அப்பன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். செந்தாமரையின் புருஷன் கல்யாணமான மூன்றாம் வருஷம் செங்கத்துப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட, அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து அவனை வளர்த்தாள். பள்ளிக்கூடம் அனுப்பினாள், பத்தாவதில் அவன் நின்றுகொண்டபோது மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அவனைப் புதைத்தபிறகு அந்த வருஷம் சாமைக் கொல்லையின் பக்கமே போகவில்லை. களை இடுப்புயரம் நின்றது.

ஒரு நாள் காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஐந்து பெண்கள் களைக்கொத்தோடு வந்தார்கள். கல்பனா முன்னால் வந்தாள். ஒன்றும் கேட்காமல் கொல்லையில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் களையெடுத்தார்கள். கொண்டுவந்த சோற்றைத் தின்றார்கள், அவளுக்கும் கொஞ்சம் வைத்தார்கள். மறுநாளும் வந்தார்கள். "யாரு அனுப்பினாங்க உங்கள?" என்று செந்தாமரை கேட்டாள். "யாரும் அனுப்பல. கையொடிஞ்ச வூட்டுக் கொல்லைக்கு முறை வச்சிப் போறது. எங்க சபைல அப்படி" என்றாள் கல்பனா.

அடுத்த வருஷம் செந்தாமரை ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தாள். பங்காளிகள் அதற்குப் பெரிதாகச் சத்தம் போடவில்லை. திருவிழாவுக்கு வெட்டுகிற ஆட்டில் அவள் வீட்டுப் பங்கை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணச் சேதி வரவில்லை. சாவுச் சேதியும் தாமதமாகத்தான் வந்தது. இப்போது அவளுக்கு இருப்பது இந்த சிமெண்ட் ஷீட் போட்ட கோயிலும் இந்த முப்பது பேரும்தான். அந்த முப்பதில் ஒருவனாக வருகிறேன் என்று கண்ணாயிரம் நிற்கிறான்.

ஜெயிலில் மூன்று வருஷம் இருந்தானாம். அங்கேதான் மனம் திரும்பினானாம். முட்டி போய், நொண்டிக்கொண்டு ஒரு வருஷமாகக் கடைசிப் பாயில் வந்து உட்கார்ந்தான். சாட்சி சொல்லும்போது அழுதான். குடித்தேன், பொய் சொன்னேன், பலபேரை ஏமாற்றினேன் என்றான். செந்தாமரை ஒரு பெயருக்காகக் கடைசி வரைக்கும் காத்திருந்தாள். அது வரவில்லை.

இரண்டாவது ஞாயிறும் பெயர் வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும் அவள் பாஸ்டரிடம் போனாள். அவர் திருப்பத்தூரிலிருந்து பைக்கில் ஏறி வருகிறவர். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே அவள் சொல்வதைக் கேட்டார்.

"எனக்கு ஆட்சேபம் கீதுங்க."

அவர் முகம் மாறவில்லை. எதிர்பார்த்திருப்பார். "சபைல சேரும்போது நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துல நாலாவது என்னன்னு ஞாபகம் இருக்காம்மா?"

இருந்தது. ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டும், பிறகுதான் சபையில் பேசலாம். அவள் எழுதப் பழகிப் போட்ட முதல் கையெழுத்து அந்தப் படிவத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை போனாள். கண்ணாயிரம் ஆட்டுப்பட்டிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான்.

"வா தங்கச்சி. உக்காரு."

"உக்கார வரலண்ணா. சாட்சி சொன்னீங்களே, பலபேர ஏமாத்தினேன்னு. யார ஏமாத்தினீங்க?"

"எல்லாரையுந்தான்."

"எல்லாரும்னு பேரு வச்ச புள்ள எங்க வூட்ல பொறக்கல."

அவன் முள்ளைக் கீழே வைத்தான். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, செந்தாமர."

"சந்தோசம். என்னைய யாரும் கேக்கலையே."

பட்டிக்குள் ஆடு ஒன்று தும்மியது. பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான். "பூவரசுக்குத் தெரியும். கெளம்பறதுக்கு முந்தின நாளே இன்னா வேலைன்னு சொல்லிட்டேன். 'அக்காகிட்ட மாந்தோப்புன்னே இருக்கட்டும்ணா'ன்னு சொன்னான்."

"செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லமாட்டான். அதான உங்களுக்குத் தைரியம்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இப்போது எடுத்துச் சொல்ல அவளிடம் எல்லாம் இருந்தது. ஏமாற்றியவன், செத்தவன்மேலேயே பழியைப் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே ஓடைவரைக்கும் வந்தாள். கல்மேல் கால் வைத்தபோது கோடாலி ஞாபகம் வந்தது.

வேன் ஏறிய அன்று விடியற்காலையில் பூவரசன், "அப்பா கோடாலி எங்கக்கா?" என்று கேட்டான். அவள்தான் பரணிலிருந்து எடுத்தாள். வேனில் யார் காலையும் வெட்டிவிடக்கூடாது என்று வாய்ப்பக்கத்தைச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியவளும் அவள்தான். மாங்காய் பறிக்கப் போகிறவனுக்குத் தொரட்டி வேண்டும், கூடை வேண்டும். கோடாலி எதற்கு?

அவள் கேட்கவில்லை. தோன்றாமல் இல்லை, முடிச்சுப் போடும்போது தோன்றியது. கேட்டால் அவன் நின்றுவிடுவான். அந்த வருஷ மழைக்கு வீட்டின் பின்சுவர் சரிந்திருந்தது. வந்ததும் தளம் போட்ட வீடு கட்டலாம் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் போக வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது.

அந்தச் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்பனா வந்து, "இன்னா, உபவாசமா? சொல்லியிருந்தா நானும் உன் பங்கச் சேத்துத் தின்னிருப்பேன்" என்றாள். செந்தாமரை சிரிக்கவில்லை. கல்பனா அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டிவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு மழை. ஷீட்டின்மேல் விழுகிற சத்தத்தில் பாஸ்டர் கொஞ்சம் உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு, செந்தாமரையைப் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். அடுக்கிவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"எங்க பூவரசு போன அன்னிக்குக் கோடாலிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். மாந்தோப்புக்குக் கோடாலி எதுக்குன்னு கேக்கல. தெரிஞ்சே கேக்கல. ஆறு வருசமா இவரு ஒருத்தர் பேரையே சொல்லிக்கினு இருந்தேன்." மூச்சு வாங்கியது. "என் பேர இதே மாதிரி மூணு ஞாயிறு வாசிச்சாங்க. அப்ப நான் இதச் சொல்லல."

உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பாயிலிருந்து கண்ணாயிரம் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"அது பாதிதான். அவ வூட்டு வாசல்ல நின்னு மாந்தோப்புன்னு சொன்ன வாயி என்னுது. புள்ள எறங்கறேன்னு சொல்லியிருந்தாலும் எறக்கி வுட்டிருக்கமாட்டேன். ஆளு கொறையும்." அவன் குரல் மழைக்குள் போய்விட்டது. மறுபடி சொன்னான். "பூவரசன். அவன் பேரு பூவரசன்."

அந்தப் பெயரைக் கேட்டால் என்னவோ இறங்கிப்போகும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். எதுவும் இறங்கவில்லை. பெயர் கேட்டது, மழை கேட்டது, அவ்வளவுதான்.

பாஸ்டர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமா என்பதுபோல. "அப்போ, ஆட்சேபமாம்மா?"

"இல்லங்க. எழுதிக்கோங்க. நான் உள்ள உக்காந்துக்கினு அவர எப்படி வெளிய நில்லுங்கன்றது?"

வரிசையாக எழுந்துபோய்க் கை கொடுத்தார்கள். கல்பனா கொடுத்துவிட்டு வந்து, செந்தாமரையின் முழங்கையை லேசாகத் தொட்டாள். செந்தாமரை எழுந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவனுக்கு முன்னால் வந்தபோது அவள் கை மேலே வரவில்லை. முந்தானையைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே இருந்தன. அவன் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானாக இறங்கியது.

"இன்னிக்கு வரலண்ணா" என்றாள். "வர்ற அன்னிக்குத் தர்றேன்."

முட்டி போனவன் குனிந்து களையெடுக்க முடியாது; கண்ணாயிரத்தின் சாமைக் கொல்லையில் களை ஏறிக் கிடந்தது. ஆராதனை முடிந்து கல்பனா முறை பிரித்தாள். திங்கள் வசந்தி, செவ்வாய் அவளே, வியாழன் வரைக்கும் ஆள் சொன்னாள். வெள்ளிக்கு வந்தபோது நிறுத்தி, செந்தாமரையைப் பார்த்து, "உன்ன வேணும்னா அடுத்த வாரத்துக்கு மாத்தட்டா?" என்றாள்.

"எதுக்கு? முறை வெள்ளிதான?"

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் செந்தாமரை களைக்கொத்தோடு போய் மேட்டுப்பக்கம் உட்கார்ந்தாள். மழை பெய்த மண், வேரோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கண்ணாயிரம் ஒரு காலை நீட்டிக்கொண்டு, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து, அதே சாலில் எதிரே களை பிடுங்கிக்கொண்டு வந்தான். அவள் எழுந்து வேறு சாலுக்குப் போகவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. பிடுங்கிய களையை உதறி, வரப்பில் போட்டுவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.